கடைசி சைக்கிளிலிருந்து திட்டம் போடுவோம்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் வங்கிக் கடன் இணைப்பு, ஆண்டுத் தணிக்கை என்று பெரிய விஷயங்கள் இருக்கின்றன. அதற்கு நடுவில் "மகளிர் தின சைக்கிள் பயணம்" என்று ஒரு வரி. காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதே ஒரு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, 2021-லயே பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ஸில டிக்கெட் இல்லன்னு ஆயிருச்சு. எம் பேத்தி ஸ்கூட்டியில பறக்குறா. இப்பப் போயி சைக்கிள்ங்கிறியே?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். பஸ் நல்லது, வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பஸ் வருகிற நேரத்துக்குத்தான் நாம் போகணும். ஸ்கூட்டி இருக்கிறது, சாவி மகன் சட்டைப் பையில் இருக்கிறது. பெட்ரோலுக்குக் காசு கேட்கணும். சைக்கிளுக்கு யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், நம்மில் பாதிப் பேர் வீட்டில் சைக்கிள் இருக்கிறது. பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டி, பிள்ளை படிப்பு முடிந்ததும் மாட்டுக் கொட்டகையில் சாய்ந்து கிடக்கிறது. ரேஷன் கடை வரைக்கும் ஓட்டுகிறோம். மெயின் ரோட்டைப் பார்த்தால் இறங்கித் தள்ளுகிறோம். அந்தப் பயம் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இருக்கிறது. சேர்ந்து போனால் போகும் என்று நம்பித்தான் செயற்குழு தீர்மானம் போட்டிருக்கிறது. மார்ச் 8 காலை திருமயத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் போய், மாலையில் திரும்பி வருவது. போக ஏறத்தாழ 20 கிலோமீட்டர், வர 20. மொத்தம் 40. இதுவரை 40 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

நம்ம மாவட்டத்துக்கு இது புதிதல்ல

இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். தெரியாத தங்கச்சிகளுக்காகச் சொல்கிறேன். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிற இயக்கம். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொள்ளட்டும் என்று ஊக்கம் கொடுத்தார். களத்துமேட்டிலும் கண்மாய்க் கரையிலும் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் பேசாத பேச்சில்லை. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள், ஹேண்டில்பாரில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி, அது இந்தியா முழுவதும் தெரிந்தது.

லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை என்று பலர் பார் வைத்த ஆம்பளை சைக்கிளையே வாங்கினார்கள். அதிலும் ஒரு வசதியைக் கண்டுபிடித்தார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா? அந்தப் பாரில் உட்கார்ந்து போன குழந்தைகளில் நானும் ஒருத்தி. என் அம்மா அந்த வருடம்தான் பழகினார். அந்த இரும்புக் கம்பி குத்தின வலி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆகவே பெண்களால் முடியுமா என்ற கேள்விக்கு நம்ம மாவட்டம் அப்போதே பதில் சொல்லிவிட்டது. எப்படித் திட்டம் போடுவது என்பதுதான் இன்றைக்கு நம் கேள்வி. அதில் நான் ஒரு முறை தவறு செய்தவள். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மிஞ்சிய ஒரு பொட்டலம்

நான் எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு வேலைக்கு வந்த புதிது. வேறு ஒரு வட்டாரத்தில் இருந்தேன். 32 பெண்களை வைத்து 12 கிலோமீட்டர் சைக்கிள் பேரணி ஏற்பாடு செய்தேன். எதற்கெல்லாம் ஏற்பாடு செய்தேன் தெரியுமா? பேனர், தொப்பி, தலைமை தாங்குபவர், கொடியசைப்பவர், போட்டோகிராபர், மதியச் சாப்பாட்டுப் பொட்டலம். எல்லாம் முன்னால் நடக்கிற விஷயம். கொடியோடு நான் முதல் சைக்கிளில் போனேன். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்க யாரையும் வைக்கவில்லை.

போய்ச் சேர்ந்தோம். போட்டோ எடுத்தோம். பேசினார்கள், கைதட்டினோம். மதியம் பொட்டலம் கொடுத்து முடித்தபோது ஒன்று மிஞ்சியது. "யாரு இன்னும் வாங்கல?" என்று கேட்டேன். யாரும் எழுந்திரிக்கவில்லை. எண்ணினோம். 31 பேர்தான் இருந்தோம்.

ஐம்பது வயதுள்ள ஒரு அக்கா வரவில்லை. பாதி வழியில் செயின் அறுந்துவிட்டது. கையில் போன் கிடையாது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், முன்னால் போன எங்களுக்கு பெல் சத்தத்தில் கேட்கவில்லை. யாராவது திரும்பி வருவார்கள் என்று ஒரு புளியமரத்தடியில் காத்திருந்துவிட்டு, வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பி நடந்திருக்கிறார். வீட்டில் என்ன பேச்சு வாங்கியிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மாலையில் அந்தப் பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார்: "விட்டுட்டுப் போனதுக்குக் கோவம் இல்ல புள்ள. சாப்பாட்டு நேரம் வரைக்கும் தேடலயே, அதான்."

அன்றிலிருந்து அவர் சைக்கிளைத் தொடவில்லை. குழுக் கூட்டத்துக்கு வருவதும் குறைந்து போனது. வண்டியில் வந்த பழுதுக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லலாம். ஆனால் ஆள் விட்டுப் போனது என் திட்டத்தின் பழுது. கூட்டுப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் கடைசியில் வருகிற சைக்கிளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் படித்தேன். கல்லூரியில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதலில் ஆள் கணக்கு

பெயர் கொடுத்த 40 பேருக்கும் ஒரு பதிவேடு போடுகிறோம். பெயர், வயது, குழு, வீட்டில் யாருடைய போன் நம்பர், இதுவரை ஒரே மூச்சில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் ஓட்டியிருக்கிறார், பி.பி., சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா, முட்டிவலி உண்டா, கர்ப்பமாக இருக்கிறாரா என்று கேட்போம். இதைச் சபையில் கேட்க மாட்டோம். ஊக்குநர் தனியாகக் கேட்டு எழுதுவார். மறைக்க வேண்டாம். பி.பி., சர்க்கரை உள்ளவர்களும் கர்ப்பமாக இருப்பவர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு பெயரை உறுதி செய்யுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு சைக்கிள் ஏறவே கூடாது. இடுப்பில் இரண்டு மிட்டாய் முடிந்து வையுங்கள்.

அடுத்தது பழக்கம். 40 கிலோமீட்டரை ஒரே நாளில் திடீரென்று ஓட்ட முடியாது. முதல் வாரம் 5, இரண்டாவது வாரம் 10, மூன்றாவது வாரம் 20, நான்காவது வாரம் காலை 15, மாலை 15. நடுவில் வாரத்தில் இரண்டு நாள் வழக்கமான வேலைக்கே சைக்கிளில் போய் வந்தால் போதும். கடைசி மூன்று நாள் ஓய்வு.

இந்தப் பழக்க ஓட்டத்தில் ஒன்றை முக்கியமாகக் கவனிக்கணும். நம்மில் மெதுவாக ஓட்டுகிறவர் யார், அவருடைய வேகம் என்ன? பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே மிதிக்க முடிந்தால் அதுதான் அவருக்குச் சரியான வேகம். மூச்சு வாங்கிப் பேச முடியவில்லை என்றால் அது அதிக வேகம். அந்த மெதுவான ஆளின் வேகம்தான் அன்றைக்கு 40 பேரின் வேகம். மணிக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்துத்தான் நான் நேரக் கணக்குப் போட்டிருக்கிறேன். வேகமாக ஓட்டத் தெரிந்த தங்கச்சிகளுக்கு இது சலிப்பாக இருக்கும். உங்களுக்கு வேறு பொறுப்பு வைத்திருக்கிறேன், பிறகு சொல்கிறேன்.

வண்டிக் கணக்கு

ஒவ்வொரு வண்டியும் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் மிஸ்திரி கையில் போய் வரணும். முதல் நாள் கொடுத்தால் அவர் என்ன செய்வார் பாவம். கொட்டகையில் கிடந்த வண்டி என்றால் ஓவராயில் செய்துவிடுங்கள். வீட்டிலேயே நீங்கள் பார்க்க வேண்டியவை:

1. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருளக் கூடாது. பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

2. டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் காற்று போதாது. வெடிப்பு விட்ட டயர் வேண்டாம்.

3. செயின் தொங்கக் கூடாது. துரு இருந்தால் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

4. சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் ஆடினால் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள்.

5. சீட்டு உயரம். கால் முழுசாகத் தரையில் ஊன்றணும் என்று நாம் எல்லோருமே சீட்டைத் தாழ்த்தி வைத்திருக்கிறோம். கடைக்குப் போக அது சரி. 40 கிலோமீட்டருக்கு முட்டி கழன்றுவிடும். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கிற பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக இருக்கணும். நிற்கும்போது விரல் நுனி தரையில் பட்டால் போதும். பழக்க ஓட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

6. பெல், பின்னால் சிவப்பு ரிப்ளக்டர், செயின் கவர், சேலை சக்கரத்தில் போகாமல் தடுக்கிற கார்டு.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. சுடிதார் வசதி. சேலைதான் பழக்கம் என்றால் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, முந்தானையை இடுப்பில் சுற்றிப் பின் குத்துங்கள். துப்பட்டாவைக் குறுக்கே கட்டுங்கள், பறக்க விடாதீர்கள்.

நிற்காத பெடல்

போன கூட்டத்தில் ஒரு அக்காவின் மகள், திருச்சியில் காலேஜ் படிக்கிற பிள்ளை, போனில் ஒரு வீடியோ காட்டியது. பெரிய நகரங்களில் பசங்களும் பிள்ளைகளும் கூட்டமாக ரொம்ப தூரம் போகிறார்கள். சைக்கிள் பார்க்க ஒல்லியாக, வெறும் எலும்பு மாதிரி இருக்கிறது. "இது ஃபிக்ஸட் கியர் சைக்கிள் அக்கா. இதுல ஒண்ணு வாங்கி நானும் வரட்டுமா?" என்று கேட்டது.

நம்ம வண்டிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் ஒரே கியர்தான். ஆனால் நம்ம வண்டியின் பின் சக்கரத்தில் பிரீவீல் இருக்கிறது. இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்துகிறீர்கள், கால் சும்மா இருக்கிறது, வண்டி தானாக ஓடுகிறது, "டிக் டிக் டிக்" என்று சத்தம் வருகிறது அல்லவா? அந்தச் சத்தம் பிரீவீலுடையது. ஃபிக்ஸட் கியரில் அது கிடையாது. பின் பல்சக்கரம் வீலோடு இறுகப் பிடித்திருக்கும். சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றியே தீரும். காலுக்கு ஓய்வே இல்லை. காலால் எதிர்த்து அழுத்தித்தான் வேகத்தைக் குறைப்பார்கள்.

நீங்களே ஒரு கணக்குப் பாருங்கள். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்து அளந்தால் நம்ம சைக்கிள் ஏறத்தாழ 5 மீட்டர் நகரும். 20 கிலோமீட்டருக்கு 4,000 சுற்று. நம்ம வண்டியில் இறக்கத்தில் கொஞ்சம் தள்ளுபடி கிடைக்கும். பிரீவீல் இல்லாத வண்டியில் ஒரு சுற்றுகூடத் தள்ளுபடி இல்லை. ஏற்றத்தில் கஷ்டம், இறக்கத்தில் அதைவிடக் கஷ்டம், கால் பிசாசு மாதிரி சுற்றும்.

அதனால் அந்த வண்டியில் கூட்டமாகப் போகிறவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் திட்டம் போட வேண்டியிருக்கிறது. இறக்கம் குறைவான வழியைத் தேடணும். சட்டென்று நிற்க முடியாது என்பதால் ஒருவருக்கொருவர் இடைவெளி அதிகம் விடணும். கால் ஓய்வுக்கு அடிக்கடி இறங்கணும். முன் பிரேக் கட்டாயம் வைக்கணும். இவற்றை நாமும் எடுத்துக்கொள்ளலாம். வண்டி வேண்டாம். பாவாடை நுனியோ துப்பட்டாவோ செயினில் மாட்டினால் நம்ம வண்டியில் மிதிப்பதை நிறுத்தலாம். அதில் நிறுத்த முடியாது, உள்ளே இழுத்துக்கொண்டே போகும். அந்தப் பிள்ளையிடம், "நீ கட்டாயம் வா கண்ணு, ஆனா உங்கம்மா சைக்கிள்ல வா" என்று சொல்லியிருக்கிறேன்.

பிரீவீல் பரவுவதற்கு முன்னால், 1890-களில், உலகத்தில் ஓடிய சைக்கிள்கள் பெரும்பாலும் இப்படி நிற்காத பெடல் வண்டிகள்தான். அந்தக் காலத்தில் ஒரு பெண் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்திலிருந்து சைக்கிளோடு உலகம் சுற்றப் புறப்பட்டார். பெயர் ஆனி லண்டன்டெரி. லாட்வியாவில் பிறந்து பிழைக்கப் போன குடும்பம். மூன்று குழந்தைகளுக்குத் தாய். 1894 ஜூன் மாதம் புறப்பட்டபோது அவர் சைக்கிளின் எடை 19 கிலோ. உடுத்தியது நீளமான கனத்த பாவாடை. சிகாகோ போய்ச் சேருவதற்குள் ஆள் இளைத்துப் போனார். குளிர்காலமும் நெருங்கிவிட்டது. மேற்கே மலைகளைத் தாண்ட முடியாது. "முடியல" என்று விட்டுவிட இருந்தவர், அங்கே வண்டியை மாற்றினார். பாதி எடையுள்ள ஆண்கள் சைக்கிளை எடுத்தார். உடையை மாற்றினார். திசையையே மாற்றிக் கிழக்குப் பக்கமாகப் போனார். கடல் வழியெல்லாம் கப்பலில்தான், அதில் நம்ம பக்கத்துக் கொழும்புத் துறைமுகமும் உண்டு. சைக்கிளை விடக் கப்பலில் போனதுதான் அதிகம் என்று அப்போதே சிலர் குறை சொன்னார்கள். எப்படியோ, 1895 செப்டம்பரில் சிகாகோவுக்குத் திரும்பி வந்து பயணத்தை முடித்தார்.

துணிச்சலில் அவருக்குக் குறைவில்லை. வண்டி, உடை, பருவகாலம் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே யோசிக்காததால் தொடக்கத்திலேயே மாதக்கணக்கில் இழந்தார். நாம் இந்த அறையில் உட்கார்ந்தே அதை யோசித்துவிடலாம்.

வழிக் கணக்கு, நேரக் கணக்கு

போன வாரம் நானும் இரண்டு பிரதிநிதிகளும் இந்த வழியில் சைக்கிளிலேயே போய் வந்தோம். வண்டியில் போய்ப் பார்த்தால் ஏற்றம் தெரியாது, நிழல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. திருமயத்தை விட்டால் லேணாவிளக்கு, நமணசமுத்திரம், பிறகு புதுக்கோட்டை. எங்கே தண்ணீர், எங்கே மரநிழல், எங்கே பஞ்சர் கடை, எங்கே சாலையைக் கடக்கணும் என்று நோட்டில் எழுதினோம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, எங்கே கழிப்பறை என்று பார்த்தோம். வெளியூர்ப் பயணம் என்றால் நாம் என்ன செய்வோம்? தண்ணீர் குடிக்காமல் கிளம்புவோம். சைக்கிள் பயணத்தில் அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். ஆகவே ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழிப்பறை. முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிவிடுவோம். மாதவிலக்கு நாளாக இருந்தால் நாப்கின் ஒவ்வொரு அணித் தலைவி பையிலும் இருக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

நேரம் இப்படி. காலை 5.45-க்குக் கூடுவது. 6.30-க்கு, நன்றாக விடிந்த பிறகு புறப்படுவது. ஓட்டம் 2 மணி நேரம், மூன்று நிறுத்தங்களுக்கு அரை மணி. 9 மணிக்குப் போய்ச் சேருவோம், வெயில் ஏறுவதற்கு முன். கூட்டம், சாப்பாடு, ஓய்வு. மதிய வெயிலில் யாரும் சைக்கிளைத் தொடக் கூடாது. மாலை 3.30-க்குத் திரும்பினால், களைப்பையும் சேர்த்து, 6.15-க்குள் இருட்டுவதற்கு முன் வந்துவிடலாம். 3.30 என்றால் 3.30. யாராவது சிறப்பு விருந்தினர் பேச்சு நீண்டால், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து விடுவோம்.

ரோட்டில் எப்படிப் போவது?

40 பேர் ஒரே வரிசையாகப் போனால் முன்னால் இருப்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. ஆகவே 8 பேர் கொண்ட 5 அணி. ஒவ்வொரு அணிக்கும் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பின்னால் வருகிறவரை "காவல் ஆள்" என்று சொல்வோம். வேகமாக ஓட்டத் தெரிந்த தங்கச்சிகளே, உங்களுக்கு வைத்திருக்கிற பொறுப்பு இதுதான். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் பின்னால் வரணும். மெதுவாக ஓட்டுகிறவர் முன்னாலிருந்து இரண்டாவது. அவர் வேகத்தைப் பார்த்து முன் ஆள் மிதிப்பார்.

இடது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக. ஜோடி போட்டுப் பேசிக்கொண்டு போவது பழக்க ஓட்டத்தோடு சரி. நடுவில் இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி. அணிக்கும் அணிக்கும் நடுவில் ஒரு பஸ் உள்ளே வந்து போகிற அளவு இடம். விசில் ஒருமுறை என்றால் கவனம், இரண்டு முறை என்றால் ரோட்டை விட்டு இறங்கி நிற்கணும். ரோட்டின் மேலேயே யாரும் பிரேக் போட்டு நிற்கக் கூடாது. பெரிய சாலையைக் கடக்கும்போது எல்லோரும் இறங்கி, சேர்ந்து தள்ளிக்கொண்டு கடப்போம்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணிக்கை. அணித் தலைவி "எட்டு" என்று சொல்லணும். ஐந்து எட்டும் சேராமல் யாரும் புறப்படக் கூடாது. ஒரு வண்டி பழுதானால் அந்த அணி எட்டுப் பேரும் நிற்பார்கள். காவல் ஆளிடம் பஞ்சர் சாமான், வால்டியூப், பம்பு, ஒரு ஸ்பானர் இருக்கும். சரிசெய்ய முடியாவிட்டால் பின்னால் வருகிற குட்டியானையில் வண்டியை ஏற்றிவிடலாம். ஆளும் ஏறிக்கொள்ளலாம். வண்டியில் ஏறியவரை "தோத்துட்டா" என்று யாராவது சொன்னால் அடுத்த கூட்டத்தில் நான் பதில் கேட்பேன்.

காவல் நிலையத்துக்குக் கடிதம் கொடுக்கிறோம். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 108, பெண்கள் உதவி எண் 181. இரண்டையும் கையிலேயே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியோ, கொஞ்சம் நீராகாரமோ. வழியில் மணிக்கு அரை லிட்டர் தண்ணீர், தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் ஒவ்வொரு நிறுத்தத்திலும். வாழைப்பழம், கடலை மிட்டாய் போதும். உப்பு சர்க்கரைக் கரைசல் நமக்குத் தெரிந்ததுதான்: காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. தலை சுற்றினால், உடம்பு சில்லிட்டால், வியர்வை நின்றுபோனால் உடனே சொல்லுங்கள். "இன்னும் கொஞ்ச தூரந்தானே" என்று பல்லைக் கடிக்க வேண்டாம்.

பணம்

சேமிப்பிலும் கை வைக்க மாட்டோம், உள்கடனிலும் கை வைக்க மாட்டோம். பயணத்துக்கென்று தனி வரவு செலவு நோட்டு. ஆளுக்கு வாரம் 20 ரூபாய், ஐந்து வாரம். 40 பேருக்கு 4,000 ரூபாய் சேரும். குட்டியானை வாடகை, பழம், மருந்துப் பெட்டி, பஞ்சர் சாமான் இதற்குள். மிஸ்திரி கூலி அவரவர் பொறுப்பு. ஆனால் 40 வண்டியை ஒரே மிஸ்திரியிடம் பேசினால் விலை குறையும், அதைப் பிரதிநிதிகள் பேசுவார்கள். பேனருக்கு ஒன்று போதும். தொப்பி வேண்டாம், அந்தக் காசுக்கு விசில் வாங்குவோம்.

வீட்டில் யார் ஆடு மாடு பார்ப்பது, பிள்ளைக்கு யார் சோறு போடுவது என்பதும் திட்டத்தில் சேர்த்திதான். பயணம் வராத உறுப்பினர்கள் பக்கத்து வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பெயரும் பதிவேட்டில் ஏறும். வீட்டுக்காரர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். முதல் நாள் ராத்திரி சொன்னால் சண்டைதான் மிஞ்சும்.

கடைசியாக ஒன்று

போன மாதம் அந்த அக்காவைப் பார்க்கப் போனேன், புளியமரத்தடியில் காத்திருந்தவரை. இந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லி, "வாங்கக்கா" என்று கூப்பிட்டேன். ரொம்ப நேரம் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார், "எனக்குப் பின்னாடி யாரு வருவா?"

"நான் வருவேன்" என்று சொன்னேன்.

வருகிறேன் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. சைக்கிளை மட்டும் மிஸ்திரியிடம் விட்டிருப்பதாக அவர் மகன் சொன்னான். அவர் வந்தாலும் வராவிட்டாலும், இந்த முறை கொடி என் கையில் இருக்காது. உங்களில் ஒருவர் பிடியுங்கள். நான் நாற்பதாவது சைக்கிளுக்குப் பின்னால் வருவேன்.

பெயரை உறுதி செய்கிறவர்கள் அடுத்த குழுக் கூட்டத்துக்குள் ஊக்குநரிடம் சொல்லுங்கள். வருகிற ஞாயிறு காலை 6.30-க்கு முதல் 5 கிலோமீட்டர். டயரில் காற்று அடித்துக்கொண்டு வாருங்கள்.